குறைந்த செலவில் திமோர் லெஸ்தே: வன்னியிலிருந்து இரண்டு பெண்கள் சென்று வர முடியுமா?

தருமபுரம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நானும் என்னோடு ஒரே பாடசாலையில் கற்பிக்கும் தோழி ஒருத்தியும் வருகின்ற ஓகஸ்ட் விடுமுறையில் திமோர் லெஸ்தேக்குச் சென்று வர எண்ணியிருக்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்கள் கிழக்குத் திமோர் என்று அறிந்து வைத்திருக்கும் நாடுதான் இது. இந்தோனேசியாவின் ஆட்சியிலிருந்து விடுதலை பெறுவதா என்று 1999 ஆம் ஆண்டு அங்கே வாக்கெடுப்பு நடந்தபோது, மின்சாரம் இல்லாத வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். பின்னர் நான் வரலாறு கற்பிக்கத் தொடங்கியதும் அந்தப் பெயர் அடிக்கடி எதிர்ப்பட்டது. பத்திரிகைத் தலைப்புகளுக்கு அப்பால் அந்த மக்கள் இன்று எப்படி வாழ்கிறார்கள் என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்ற விருப்பம் அப்போது வந்ததுதான், இன்றுவரை விடவில்லை.

எங்கள் பண நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு எடுத்த பணமும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும்தான் கைவசம் உள்ளன. விமானச் செலவைக் கழித்தால், பெரிய விடுதிகளில் தங்கவோ வாகனம் வாடகைக்கு அமர்த்தவோ வழியில்லை. முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு, ஊர்ச் சனம் ஏறும் வண்டியில் ஏறி, ஊர்ச் சனம் உண்ணும் கடையில் உண்டு, இரண்டு வாரம் அளவில் தங்கி வர முடியுமா என்பதே எங்கள் கேள்வி. அத்தாவுரோத் தீவு, ரமேலாவ் மலை, கிழக்கு முனையிலுள்ள ஜாக்கோத் தீவு, மேற்கு எல்லையிலுள்ள பலிபோ ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கிறோம். இவை அனைத்தையும் பார்க்கக் காலம் போதுமா? விசா எப்படி? இரண்டு பெண்கள் தனியே போவதில் அச்சம் ஏதும் உண்டா? வீட்டில் அம்மா கேட்டது, அங்கே யாரை நம்பிப் போகிறீர்கள் என்ற ஒரு கேள்விதான். அதற்கும் ஏற்ற பதில் ஒன்றை யாராவது தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓமந்தைப் பயணி

தங்கச்சிக்கு வணக்கம். தாராளமாகப் போகலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு இடங்களையும் ஒரே பயணத்தில் அடக்க நினைத்தால் உங்கள் காலமும் பணமும் வண்டிகளிலேயே கரைந்துவிடும். திமோர் லெஸ்தே ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சிறிய நாடு. சனத்தொகை 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 13 இலட்சத்துச் சொச்சம். வரைபடத்தில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத்தான் தெரியும். நாட்டின் நடுவே மலைத்தொடர் நீளமாகக் கிடப்பதும், மழைக்காலம் தோறும் மலைச் சாலைகள் சரிந்து போவதும் வரைபடத்தில் தெரிவதில்லை. எனவே தலைநகர் திலியைத் தளமாகக் கொண்டு ஒரே ஒரு திசையைத் தெரிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் கிழக்கையே சொல்வேன்.

முதலில் நுழைவு. திலி விமான நிலையத்தில் இறங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு 30 நாள் விசா 30 அமெரிக்க டொலருக்கு வழங்கப்படுகிறது. அதைக் காசாகவே கையில் வைத்திருங்கள். திரும்பும் விமானச்சீட்டு, தங்கும் இட முகவரி, செலவுக்குப் போதிய பணம் ஆகியவற்றைக் காட்டச் சொல்வார்கள். நமது கடவுச்சீட்டோடு அந்த நாட்டுக்குச் செல்பவர்கள் குறைவாகையால், கட்டுநாயக்காவில் விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருப்பவர் விதியை அறியாமல் உங்களைத் தடுத்து வைக்கக்கூடும். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னரே திமோர் லெஸ்தே குடிவரவுச் சேவைக்கு மின்னஞ்சல் எழுதி, இலங்கையருக்கான நிலைமையை உறுதிப்படுத்தி, அந்தப் பதிலை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். அந்த ஒற்றைத் தாள் பல மணி நேர மன உளைச்சலைத் தவிர்க்கும்.

வழியைப் பொறுத்தவரை, பெரும்பாலானோர் பாலியிலிருந்துதான் திலிக்குப் பறக்கிறார்கள். அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த பயணம். ஆனால் வெவ்வேறு விமானச்சீட்டுகளை இணைத்துச் சென்றால் பாலியில் பயணப்பையை எடுப்பதற்காக இந்தோனேசியக் குடிவரவைக் கடக்க நேரும். அப்போது அந்த நாட்டு விசாவும் தேவைப்படும். இதைக் கவனிக்காமல் மலிவுச் சீட்டு வாங்கியவர்கள் நடுவழியில் நின்றிருக்கிறார்கள். சிங்கப்பூரில் குறுகிய காலம் தங்குவதற்கு நமக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. ஆகவே அங்கிருந்து திலிக்கு நேரடி விமானம் உள்ள நாள் கிடைக்குமானால், சீட்டு விலை சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள். அதே தீவில் இந்தோனேசியாவுக்குரிய மேற்குப் பகுதியிலுள்ள குப்பாங் நகரிலிருந்து பேருந்தில் பத்துகடே எல்லை வழியாக நுழைவது மலிவுதான். ஆனால் தரை எல்லையில் நுழைவதற்கு முன்னனுமதி எடுத்திருக்க வேண்டும். முதற் பயணத்தில் அந்தச் சிக்கல் வேண்டாம்.

அங்கே புழங்கும் நாணயம் அமெரிக்க டொலர். சென்ற் மதிப்பிலான சில்லறைக்கு மட்டும் சென்தாவோ என்ற சொந்தக் குற்றிகளை அவர்கள் வெளியிடுகிறார்கள். டொலர் நாடாகையால் நாம் எதிர்பார்ப்பதைவிடச் செலவு கூடும். அயல்நாடான இந்தோனேசியாவின் விலையை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். திலியில் எளிய அறைக்கே 25 முதல் 40 டொலர் வரை கேட்பார்கள். இருவராகச் செல்வதால் அது பாதியாகப் பங்கிடப்படும். பல கட்டில் போட்ட பொது அறைகள் சில உண்டு. அவை இன்னும் மலிவு. உணவு அவ்வளவு பாரமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கறிகளை அடுக்கி வைத்திருக்கும் சிறு கடைகளில் சோறும் மீனும் ஒரு கீரையும் இரண்டு மூன்று டொலருக்குள் கிடைக்கும். நாம் ஊரில் உண்ணும் கங்குன் கீரை அங்கேயும் நாளாந்த உணவு. மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு அதுவும், சோயாவில் செய்யும் தோஃபுவும் தெம்பேயும் துணை நிற்கும். சோளம், பூசணி, பயறு மூன்றையும் சேர்த்து அவிக்கும் பாதார் தான் என்ற உணவைக் கண்டால் விடாதீர்கள்.

கசங்கிய, கிழிந்த, மிகப் பழைய டொலர்த் தாள்களைக் கடைக்காரர் வாங்க மாட்டார்கள். ஐந்து, பத்து டொலர்த் தாள்களாகப் புதிதாக எடுத்துச் செல்லுங்கள். தானியங்கிப் பண இயந்திரங்கள் திலியில் போதிய அளவு உள்ளன. மாவட்டங்களில் இருப்பவற்றை நம்பிப் புறப்பட வேண்டாம்.

இனிப் போக்குவரத்து. உங்கள் செலவைக் காப்பாற்றப் போவது இதுதான். திலி நகருக்குள் மைக்ரோலெட் எனப்படும் சிறு வான்கள் இலக்கமிட்ட தடங்களில் ஓடுகின்றன. ஒரு தடவைக்கு 25 சென்தாவோ. வண்டி நிறைந்திருக்கும், பாட்டு உரத்து ஒலிக்கும், ஓட்டுநரைக் கூப்பிட்டுச் சொன்னால் காது கேட்காது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் கையிலுள்ள குற்றியால் தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அந்தக் கூர்மையான ஓசை எத்தனை இரைச்சலுக்குள்ளும் ஓட்டுநருக்குக் கேட்கும், வண்டியை ஓரங்கட்டுவார். இறங்கிய பின் முன் யன்னல் வழியாகக் காசைக் கொடுங்கள். மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் ஒரே நிலையத்திலிருந்து புறப்படுவதில்லை. கிழக்கே பவுகாவ், லோஸ்பாலோஸ் செல்பவை பெக்கோராவிலிருந்தும், தெற்கே மவுபிசே, சாமே செல்பவை தைபேசியிலிருந்தும், மேற்கே எல்லைப் பக்கம் செல்பவை தாசித்தோலுவிலிருந்தும் புறப்படும். நேர அட்டவணை கிடையாது. ஆட்கள் நிறைந்ததும் வண்டி எடுப்பார்கள். விடியற்காலையிலேயே போய் அமர்ந்துகொள்ளுங்கள். நண்பகலுக்குப் பின் போனால் அன்றைய வண்டி போயிருக்கும். மலைப்பாதைகளில் அங்குனா என்றொரு திறந்த பாரவூர்தி ஓடும். பலகை இருக்கை, அரிசி மூட்டை, கோழி, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகச் செல்லும் அதைப் பார்த்தால் நம் பெரியவர்களுக்குப் பழைய தட்டிவான் நினைவுக்கு வரும்.

கிழக்கே பவுகாவ் நாட்டின் இரண்டாவது நகரம். திலியிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீற்றர். சாலை திருத்தப்பட்டு நன்றாக இருக்கிறது. பழைய நகரின் நடுவே ஊற்றுநீர் பெருகி, பொதுக் குளியல் தடாகத்தை நிரப்பி, கீழே படிப்படியாக இறங்கும் வயல்களுக்குப் பாய்கிறது. நெல்லோடு வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் நெடுநேரம் நிற்கத் தோன்றும். எருமைகளை விட்டு மிதிக்கச் செய்து வயலைச் சேறாக்கும் முறை அங்கே இன்னும் வழக்கில் உண்டு. அங்கிருந்து லோஸ்பாலோஸ் சென்றால் உயர்ந்த கால்களின் மேல் நிற்கும் புனித வீடுகளைப் பார்க்கலாம். அதற்கப்பால் துத்துவாலா. ஜாக்கோத் தீவு அங்குள்ள மக்களுக்குப் புனித நிலம். அங்கே இரவு தங்கக் கூடாது. கடந்து செல்லலாமா என்று துத்துவாலாவில் கேளுங்கள். வேண்டாம் என்றால் வாலுக் கடற்கரையிலேயே நின்று பார்த்துத் திரும்புங்கள். கண்ணுக்கு எதிரேதான் இருக்கிறது. திலியில் இரண்டு நாளுக்கு மேல் செலவிடாதீர்கள். அது வெறும் அலுவலக நகரம்.

மல்லாவித் தாதி

தங்கச்சிமாருக்கு வணக்கம். தொண்டு நிறுவனமொன்றின் சுகாதாரப் பணிக்காகத் திலியில் இருந்தவள் என்ற முறையில், பாதுகாப்பைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

இரண்டு பெண்கள் பகலில் பேருந்தில் செல்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மாவட்டங்களில் யாரைப் பார்த்தாலும் முகமலர்ந்து பொன்டியா என்று காலை வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் கடந்து போவதே அங்கு மரியாதைக் குறைவு. வயதில் மூத்த பெண்ணை மானா என்றும் ஆணை மவுன் என்றும் அழைத்தால், அதன் பிறகு நீங்கள் தொலைந்து போக அவர்கள் விடமாட்டார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை மானாவிடம் போக வேண்டிய ஊரைச் சொல்லி வைத்தால், நீங்கள் உறங்கிவிட்டாலும் அவர் எழுப்புவார். அம்மாவின் கேள்விக்கு இதை ஒரு பதிலாகச் சொல்லலாம். இருட்டிய பின் திலியின் கடற்கரைச் சாலையில் தனியே நடப்பதை மட்டும் தவிருங்கள். கைப்பேசி பறிப்பும் பெண்களைச் சீண்டுவதும் அங்கே நடப்பதுண்டு. தோளும் முழங்காலும் மறையும் உடை எங்கும் பொருந்தும். மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். 2024 செப்டெம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் தாசித்தோலுவில் ஒப்புக்கொடுத்த திருப்பலியில் நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கூடினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் கடைகளும் வண்டிகளும் குறைவாகவே இருக்கும். அன்றைக்கு இடம்பெயரத் திட்டமிடாதீர்கள். சிறு நகரங்களில் விடுதி கிடைக்காவிட்டால் கன்னியர் மடத்தையோ பங்குத் தந்தையின் இல்லத்தையோ அணுகிக் கேட்டுப் பாருங்கள். பெண்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான தங்குமிடம் இல்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் ஒரு நியாயமான தொகையைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

மலேரியாவைப் பற்றி இணையத்தில் பழைய எச்சரிக்கைகள் ஏராளம் உண்டு. நமது நாடு 2016 ஆம் ஆண்டு பெற்ற மலேரியா அற்ற நாடு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைத் திமோர் லெஸ்தேயும் 2025 ஜூலையில் பெற்றுவிட்டது. சுதந்திரம் மீண்ட காலத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் கிடந்த நாடு அது. அங்கே பணியாற்றியவர்களுக்கு அந்தச் செய்தி எவ்வளவு மகிழ்ச்சியைத் தந்தது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் டெங்கு இருக்கிறது. பகலிலும் நுளம்பு விரட்டும் களிம்பைப் பூசுங்கள். மனிதரிடையே முதலாவது விசர்நாய்க்கடி நோய் 2024 ஆம் ஆண்டில்தான் அங்கே கண்டறியப்பட்டது. கட்டாக்காலி நாய்கள் எங்கும் திரியும். நாய் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முடிந்தால் தடுப்பூசியை இங்கேயே போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

முதலையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தத் தீவே ஒரு முதலையின் உடலிலிருந்து உண்டானது என்பது அவர்களின் ஆதிக்கதை. அதனால் முதலையைப் பாட்டனாராக மதித்து, பெரும்பாலும் துன்புறுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். உவர்நீர் முதலைகள் கழிமுகங்களில் மட்டுமன்றிக் கடற்கரையிலும் வந்து கிடக்கும். நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அந்த ஊர்ப் பிள்ளைகள் குளிக்காத இடத்தில் நீங்கள் இறங்க வேண்டாம்.

ஓமந்தை அண்ணா சொன்ன கிழக்கு நல்லதுதான். ஆயினும் ரமேலாவைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. 2,963 மீற்றர் உயரமுள்ள நாட்டின் மிக உயர்ந்த மலை அது. மவுபிசேக்கு அப்பால் ஹாத்து புயிலிக்கோ என்ற ஊரில் இரவு தங்கி, அதிகாலை மூன்று மணியளவில் கைவிளக்கோடு நடக்கத் தொடங்கினால் சூரியன் எழும்போது உச்சியில், அன்னை மரியாளின் சிலையடியில் இருக்கலாம். வானம் தெளிந்திருந்தால் நாட்டின் வடகடலும் தென்கடலும் ஒருங்கே தெரியும். வன்னி வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் புதிது. கம்பளிச் சட்டை இல்லாமல் போகாதீர்கள். ஓகஸ்ட் வறண்ட காலமாகையால் பாதை வழுக்காது. மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் நிதானமாக ஏறிவிடலாம்.

முல்லைக்கரை

பிள்ளைகளுக்கு வணக்கம். மற்றவர்கள் எழுதியவை பயனுள்ளவை. ஒன்றை மட்டும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. திலியை வெறும் அலுவலக நகரம் என்று ஓமந்தைத் தம்பி எழுதியிருக்கிறார். ஒரு வரலாற்று ஆசிரியை, அதிலும் தருமபுரத்திலிருந்து செல்பவர், அந்த நகரை இரண்டு நாளில் கடந்துபோகலாகாது. அங்கே பணமில்லாதவர்களும் ஆறுதலாகப் பார்க்கத்தக்க இடங்கள் இருக்கின்றன.

பலிடேயில் போர்த்துக்கேயர் கட்டிய பழைய சிறைச்சாலை ஒன்று உண்டு. இந்தோனேசிய ஆட்சியிலும் அது சிறையாகவே இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கட்டடத்தை இடித்துவிடாமல், உண்மையையும் நல்லிணக்கத்தையும் ஆராய்ந்த ஆணைக்குழுவுக்கு அலுவலகமாகக் கொடுத்தார்கள். கைதிகள் சுவரில் எழுதியவற்றை அழிக்காமல் காத்து வைத்திருக்கிறார்கள். சாட்சியமளிக்க வந்தவர்களில் பலர் முன்பு அதே சுவர்களுக்குள் அடைபட்டவர்கள். 2005 ஆம் ஆண்டு நிறைவுற்ற அந்த ஆணைக்குழுவின் அறிக்கை, 1974 முதல் 1999 வரை போரின் விளைவாக இறந்தோர் குறைந்தது 1,02,800 பேர் என்று மதிப்பிட்டது. அவர்களுள் கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோரும் ஏறத்தாழ 18,600 பேர். எஞ்சிய 84,200 பேரை எடுத்துச் சென்றவை பசியும் நோயும். அந்தக் கடைசி எண்ணின் முன் நான் நெடுநேரம் நின்றேன். குண்டில் இறந்தவரைக் கணக்கெடுக்க ஆளுண்டு. உணவும் மருந்தும் எட்டாமல் இறந்த குழந்தையையும் முதியவரையும் ஊர் ஊராகச் சென்று, குடும்பங்களைக் கேட்டு, கல்லறைகளை எண்ணிக் கணக்கில் சேர்த்த வேலை அது. நந்திக்கடல் ஓரத்தில் வாழும் எனக்கு அதன் பெறுமதியை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாந்தா குரூஸ் இடுகாட்டுக்கும் செல்லுங்கள். 1991 நவம்பர் 12 அன்று, கொல்லப்பட்ட இளைஞர் ஒருவருக்காக மோத்தாயெல் ஆலயத்தில் திருப்பலி முடித்து, அவர் கல்லறைக்கு ஊர்வலமாக வந்தவர்கள் மீது இந்தோனேசியப் படையினர் சுட்டார்கள். இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர் ஒருவர் ஒளிநாடாவை அங்கிருந்த கல்லறை ஒன்றில் புதைத்து வைத்துப் பின்னர் மீட்டதனாலேயே உலகம் அதைக் கண்டது. ஆலயத்திலிருந்து இடுகாடு வரை அவர்கள் வந்த வழியிலேயே நடந்து பாருங்கள். அது இன்றும் மக்கள் தம் உறவினரைப் புதைக்கும் இடம். பூ வைத்து மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருப்பவர்களைப் படமெடுக்க வேண்டாம்.

பவுகாவுக்குச் செல்வதானால் தெற்கே தெரியும் மத்தேபியான் மலையைப் பற்றியும் அறிந்து செல்லுங்கள். இறந்தோரின் ஆன்மாக்கள் சேரும் மலை என்று மக்கள் போற்றும் அதில், கிழக்குப் பகுதியின் பல்லாயிரக்கணக்கான பொதுமக்கள் 1978 இல் போராளிகளோடு தஞ்சம் புகுந்தார்கள். சுற்றி வளைக்கப்பட்டு, வானிலிருந்தும் தாக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் கீழே இறங்கிச் சரணடைந்தார்கள். அதன் பின் அடைத்து வைக்கப்பட்ட முகாம்களில் பசியால் இறந்தவர்கள் ஏராளம். கெலிக்காய் ஊரிலிருந்து அந்த மலைக்கு ஏறுகிறார்கள். உடன்வரும் ஊரவரைக் கேட்டு அமர்த்தாமல் ஏறக்கூடாது. பாதை தவறும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை; அது அவர்களுடைய முன்னோரின் இடம்.

அங்குள்ள முதியவர்களிடம் போரைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். சிலர் தாமாகவே பேசுவார்கள். பேசாதவர்களோடு சும்மா அமர்ந்திருந்து வாருங்கள்.

தருமபுரம் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முல்லைக்கரை ஐயாவின் பதிலை என் தோழிக்கு வாசித்துக் காட்டினேன். திலியில் கூடுதலாக நிற்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டோம். மேற்குப் பக்கத்தை, அதாவது பலிபோவை, பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். ஜாக்கோவும் இம்முறை வேண்டாம். இப்போது திலியும் பவுகாவும் உறுதி. எஞ்சுகிற நாட்களில் அத்தாவுரோவா, ரமேலாவா என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து இல்லை. தோழிக்குக் கடல், எனக்கு மலை. செலவைப் பார்த்தால் எது தாங்கும்? இன்னொன்று: ஓகஸ்ட் 30 ஆம் திகதி வாக்கெடுப்பு நாள் என்பதால் அன்று அங்கே இருப்பது நல்லதா, அல்லது எல்லாம் மூடியிருக்குமா?

ஓமந்தைப் பயணி

முல்லைக்கரை ஐயா சொன்னதை ஏற்கிறேன். வரலாறு படித்தவர்கள் பார்க்கும் திலி வேறுதான். நான் கடலுக்கும் மலைக்கும் அவசரப்பட்டுப் போனவன் என்பதால் அப்படி எழுதினேன்.

அத்தாவுரோவுக்கு மலிவான வழி பெரிய பயணிகள் படகு. அது வழக்கமாகச் சனிக்கிழமை காலை திலியிலிருந்து சென்று, அன்று பிற்பகலே திரும்பிவிடும். அன்றைக்குத் தீவிலுள்ள பெலோய் ஊரில் படகுத்துறையை அடுத்துச் சந்தை கூடும். மலை ஊர்களிலிருந்து காய்ந்த மீனும் கடற்பாசியும் சோளமும் கொண்டு வருவார்கள். ஒரே நாளில் போய் வந்தால் செலவு சில டொலர்களோடு நின்றுவிடும்; ஆனால் கிடைப்பது சந்தையும் கரையோர நடையும்தான். தங்கிப் பார்க்க வேண்டுமானால் திரும்பும்போது விரைவுப் படகு பிடிக்க வேண்டும். அதற்குப் பல மடங்கு கொடுக்க நேரிடும். ஆனாலும் உங்கள் தோழியின் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டில் கடலுயிர் ஆய்வாளர்கள் அங்குள்ள பவளப்பாறைகளை ஆராய்ந்தபோது, ஓர் ஆய்விடத்துக்குச் சராசரியாக 253 வகைப் பாறை மீன்களைக் கண்டார்கள். அதுவரை உலகில் பதிவான சராசரிகளில் அதுவே மிக உயர்ந்தது. சுவாசக் குழாயும் கண்ணாடியும் வாடகைக்கு எடுத்து, கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்த்துவிடலாம். ஆழ்கடல் மூழ்கலுக்கான பெருந்தொகை தேவையில்லை.

ரமேலாவுக்குத் தைபேசியிலிருந்து மவுபிசே வரை பேருந்தில் போகலாம். அதற்கப்பால் ஹாத்து புயிலிக்கோவுக்குச் செல்லும் அங்குனா எல்லா நேரமும் கிடைக்காது. மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்பவரை விலை பேசி அமர்த்த வேண்டி வரலாம். ஆளுக்கொரு தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள். தங்குமிடங்கள் எளியவை, மலிவானவை; இரவுச் சாப்பாட்டையும் அவர்களே தருவார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு இரவு மலைப் பயணமும் ஓர் இரவு அத்தாவுரோத் தங்கலும் ஏறத்தாழ ஒரே செலவுதான். ஆகவே சந்தை நாளில் அத்தாவுரோவுக்குப் போய் அன்றே திரும்பிவிட்டு, மிச்சப்படும் பணத்தை ரமேலாவுக்கு ஒதுக்குங்கள். சுவாசக் கண்ணாடியை முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்தச் சில மணி நேரத்திலும் தோழி நீந்திவிடலாம். பவுகாவுக்கு முதலில் போய் வந்து, மலையைக் கடைசிக்கு வையுங்கள்.

மல்லாவித் தாதி

நேற்றுவரை மலைக்காக வாதாடியவள் என்றாலும் அண்ணாவின் ஒழுங்கை நானும் ஏற்கிறேன். ஒரே ஒரு திருத்தம். விமானத்துக்கு முந்திய நாள் மலையிலிருந்து இறங்குவதாகத் திட்டமிடாதீர்கள். மவுபிசேயில் வண்டி தவறினால் அடுத்த நாள் காலைவரை காத்திருக்க நேரும். திலியில் ஒரு முழு நாளாவது கையிருப்பாக வைத்திருங்கள். அந்த நாளில் தாயிஸ் சந்தைக்குப் போகலாம். பெண்கள் கைத்தறியில் நெய்யும் அந்தத் துணியை 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய மரபாக அறிவித்தது. இயந்திரத்தில் நெய்த போலிகளும் கலந்திருப்பதால், இயற்கைச் சாயமா, யார் நெய்தது என்று கேட்டு, சிறியதொன்றையாவது நெய்தவரிடமே வாங்குங்கள்.

முல்லைக்கரை

ஓகஸ்ட் 30 பொது விடுமுறை. வங்கியும் அலுவலகங்களும் மூடியிருக்கும். சிறு கடைகள் திறந்திருக்கும். இயலுமானால் அன்று திலியில் இருங்கள். 1999 ஆம் ஆண்டு மக்கள் விடியுமுன்னரே வாக்குச்சாவடிகளுக்கு நடந்து சென்று வரிசையில் நின்ற நாள் அது. வாக்களித்தோரில் 78.5 சதவீதத்தினர் விடுதலையைத் தெரிந்தெடுத்தார்கள். அதற்காக அடுத்த சில வாரங்களில் அவர்களின் நகரங்கள் எரிக்கப்பட்டன. பலிடேச் சிறையை விடுமுறை நாளில் திறப்பார்களா என்பதை முந்திய நாளே கேட்டு வையுங்கள். பாடசாலை விடுமுறை அதற்கு முன் முடிந்துவிடுமானால், வெளிநாட்டு விடுமுறைக்கான விண்ணப்பத்தை வலயக் கல்விப் பணிமனையில் இப்போதே கொடுத்துவிடுங்கள். அது கையொப்பமாகி வர விசாவைவிட அதிக காலம் எடுக்கும்.